காலை ஜெபத்தில் அண்ணன்

அக்டோபர் 14, செவ்வாய்

குளிர்காலப் பாடங்களைத் திட்டமிடும் வேலையை இந்த வருடமும் என் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். ஜனவரியில் மூன்று வாரம், வாரத்துக்கு நான்கு பாடம், ஒவ்வொன்றும் திங்களில் தொடங்கி வெள்ளியில் முடிய வேண்டும். கிரேக்க வாத்தியார் மாடிப்படியிலேயே மறித்துக்கொண்டார், இலக்கணத்தை ஐந்து நாளில் எப்படி நடத்துவது என்று. உலகத்தையே ஆறு நாளில் படைத்தாயிற்றே சார் என்றேன். சிரிக்கவில்லை. மலைமேல் இருக்கிற இந்த இறையியல் கல்லூரியில் சிரிப்புக்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யும் வகுப்பறைகள் மூன்று. நாலாவது அறையில் உட்கார்ந்தால் பேனா மை உறைந்துவிடும். அதை என் சபை வரலாற்றுப் பாடத்துக்கே போட்டுக்கொண்டேன். செத்துப்போனவர்களைப் பற்றிய பாடம்தானே, குளிர் பரவாயில்லை.

அண்ணன் பெயரையும் சேர்த்துவிட்டேன். ‘பிரசங்கம் தயாரித்தல்’, முதல் வாரம், நல்ல ஹீட்டர் அறை. முதல்வர் தலையைச் சொறிந்துகொண்டே ஒத்துக்கொண்டார். “மார்ச்சுலேர்ந்து லீவுல இருக்காரு. பிப்ரவரியோட அது முடியுது. ஒரு பாடம் எடுத்துக் காட்டிட்டா ஆட்சிக்குழு வாயை நான் அடைச்சிடுவேன். இல்லன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் போடச் சொல்லிடுவாங்க” என்றார். ஆக, எல்லாம் அந்த ஐந்து நாளில்தான் இருக்கிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவன், “பாப்பா... நான்...” என்று தொடங்கினான். “உனக்கு ஹீட்டர் ரூம்தான், கவலையே வேண்டாம்” என்றேன். தலையை ஆட்டினான். ஐம்பத்துநாலு வயதிலும் நான் பாப்பாதான் இந்த வீட்டில்.

அக்டோபர் 17

எபிரேய ஆசிரியைக்கு ஜன்னல் பக்கம் வேண்டுமாம். ‘துக்க வீட்டு ஊழியம்’ பாடம் நடத்துபவருக்கு ஜன்னலே ஆகாதாம். நான் போதகர்களுக்கா பாடம் திட்டமிடுகிறேன், ரயிலில் இருக்கை ஒதுக்குகிறேனா?

அக்டோபர் 22, புதன்

அண்ணனுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து ஏழு மாதம் ஆகிறது. கால் தேறிவிட்டது, தனியாகக் கடைக்குப் போய்வருகிறான். வலது கை பாதி. பேச்சுதான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், அது வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. சில நாள் நாலைந்து வார்த்தை சேர்ந்தாற்போல வரும். சில நாள் ‘உப்பு’ கூட வராது.

இவன் பிரசங்கம் செய்தால் கல்லூரி ஆலயமான சேப்பலுக்கு வெளியே தோட்டக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்பார். சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பான், அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. மாணவர்களின் மோசமான பிரசங்கத்துக்கு அவன் போடும் பெருமூச்சு இருக்கிறதே, அதற்குப் பயந்தே பலர் நன்றாகத் தயாரித்து வருவார்கள்.

அந்த மனிதனை ஒரு வார்த்தை இப்படி நிற்கவைத்துவிட்டுப் போகிறது. பார்க்க முடியவில்லை. அதனால்தான் நானே முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

நவம்பர் 3, திங்கள்

மாணவர் பதிவு இன்று தொடங்கியது. விதி பழைய விதிதான்: எட்டுப் பேர் சேராத பாடம் ரத்து. ‘சபைக் கணக்கு நிர்வாகம்’ மதியத்துக்குள் நிரம்பிவிட்டது. பரலோகத்துக்கு வழி சொல்லப் போகிறவர்களுக்குக் கணக்கில்தான் எவ்வளவு ஆர்வம்!

அண்ணன் பாடத்தில் ஒருவரும் இல்லை. முதல் நாள்தானே.

நவம்பர் 6

இரண்டு பேர். அதில் ஒருவர் தவறாக அழுத்திவிட்டாராம், வந்து மாற்றிக்கொண்டு போனார்.

வராந்தாவில் எதிர்ப்படும் பிள்ளைகளையெல்லாம் நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். எல்லோரிடமும் ஒரே பதில்: “ஜெபிச்சிட்டு சொல்றேன் மேடம்.” இந்த வளாகத்தில் அதற்கு ‘மாட்டேன்’ என்று பொருள். எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வயதில் பெண் பார்க்க வந்தவருக்கு நானே சொன்ன பதில் அது. அவர் இன்னும் காத்திருக்கிறாரோ என்னவோ.

நவம்பர் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. “எத்தன... பேரு?” என்று கேட்டான். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒருத்தர்தான், ஆனா இன்னும் நாள் இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். அப்புறம் இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொல்லித் தட்டை நகர்த்தினான். நன்றாகச் சாப்பிட்டான். என் முன்னால் முகம் வாடக் கூடாது என்று எவ்வளவு பாடுபடுகிறான். அண்ணி குழம்புப் பாத்திரத்தைக் கரண்டியால் வழித்துக்கொண்டே இருந்தார்கள்.

நவம்பர் 12

இப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டு வகுப்புத் தலைவி, மைக் என்று நாங்கள் கூப்பிடும் பெண் – அவள் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை – அவளைப் பிடித்து உட்காரவைத்து நேராகவே கேட்டேன். பிரசங்கத்தில் அத்தனை ஆசை இருக்கிறவள், அண்ணன் பாடத்தில் ஏன் சேரவில்லை?

“படுக்கையில கிடக்கிறவர எழுப்பிக் கூட்டிட்டு வந்து பாடம் நடத்தச் சொல்றது பாவம் இல்லையா மேடம்? நாங்க எல்லாரும் பேசி வச்சிக்கிட்டோம், யாரும் சேரக் கூடாதுன்னு. எட்டுப் பேர் சேரலன்னா அவர விட்டுடுவாங்கல்ல.”

யார் படுக்கையில் கிடப்பது என்றேன்.

“சாப்ளின் ஐயா தினமும் காலையில ஜெபிக்கிறாரே மேடம். நீங்களும்தான முன் வரிசையில இருக்கீங்க.”

நவம்பர் 13

இன்று காலை ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் காதைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். ஆமாம், இருக்கிறது. உடன் ஊழியர்களுக்கான விண்ணப்பத்தில் மூன்றாவது: “பேச்சிழந்து படுக்கையிலே கிடக்கிற உம்முடைய தாசனை நினைத்தருளும்.” மார்ச் மாதம் நானே, கல்லூரிப் போதகரான சாப்ளினிடம் போய் அழுது, ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டது. அன்றைக்கு அது உண்மை. அதற்கப்புறம் அவன் எழுந்தான், நடந்தான், மீன் வாங்கிக்கொண்டு வந்தான். ஜெபத்தில் மட்டும் படுத்தே இருக்கிறான். முதலாண்டுப் பிள்ளைகள் அவனைப் பார்த்ததே இல்லை, பாவம், அவர்களுக்கு அவன் ஒரு கட்டில்.

அத்தனை நாளும் நானும் ஆமென் சொல்லியிருக்கிறேன்! சத்தமாக வேறு.

நவம்பர் 14, வெள்ளி

சாப்ளினிடம் போனேன். அண்ணனைக் காலை ஜெபத்திலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

“ஜெபத்த நிறுத்தச் சொல்றீங்களா? கூடப்பிறந்த தங்கச்சி நீங்களே?”

“நிறுத்தச் சொல்லல ஐயா. மாத்தச் சொல்றேன். அவன் எழுந்து நடமாடறான். பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வருது.”

“வருதா?”

“வருது.”

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், கேடு நினைக்கத் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

ஐயோ.

சாப்ளின் இன்று பீடத்தில் ஏறி, இன்றைக்கு விண்ணப்பம் இல்லை, ஸ்தோத்திரம் என்றார். நம்முடைய பேராசிரியருக்குக் கர்த்தர் பேச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், மருத்துவர்கள் கைவிட்டதை அவர் கைவிடவில்லை, இது நம் கண்முன் நடந்த அற்புதம் என்றார். எந்த மருத்துவர் எப்போது கைவிட்டார்? பிள்ளைகள் கை தட்டினார்கள். பின்னால் ஒரு பையன் எழுந்து நின்று அழுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து, இல்லை, இன்னும் ‘உப்பு’ வரவில்லை என்று சொல்வதா?

மதியம் பதிவைத் திறந்து பார்த்தேன். ஒன்பது பேர்.

நவம்பர் 18

பதினான்கு. முதல்வர் என் அறை வாசலில் நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

சாப்ளினைத் திருத்த வேண்டும். திருத்துவேன். பதிவு முடியட்டும். இப்போது வாயைத் திறந்தால் பதினான்கும் போய்விடும், அண்ணன் வேலையும் போய்விடும். நானாக ஒரு பொய்யும் சொல்லவில்லையே. சொல்லவில்லைதானே?

நவம்பர் 20, வியாழன்

பழக்கூடையோடு ஒரு கூட்டம் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறது. சேப்பலில் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம், அற்புதத்தைப் பற்றி. அண்ணன் அவர்கள் முன்னால் வாயைத் திறந்து மூடியதை, ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டார்களாம்.

அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். இந்த முப்பது வருடத்தில் அண்ணி என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. இன்றும் உயர்த்தவில்லை, அதுதான் சுட்டது.

“மனுஷனா இருந்தாரு பாப்பா. அற்புதம் ஆக்கிட்டீங்க. இனிமே அவர் திக்கினா யாருக்குப் பதில் சொல்லணும்? விட்டுடேன்.”

“விட்டுட்டா பிப்ரவரியில வேல போயிடும் அண்ணி. பிரசங்கம் இல்லாம அண்ணன் என்ன பண்ணுவான்? உக்காந்து சுவத்த பாப்பானா?” நான்தான் கத்தினேன். அண்ணன் உள்ளேயிருந்து வந்தான். இடது கையைத் தூக்கினான். “பாப்பா, எனக்கு...” நான் அழுதுகொண்டிருந்தேன். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன், நீ ஒண்ணும் சொல்லாத, ஓய்வெடு என்று அவனைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

பதிவு முடிந்தது. பதினான்கு பேர் நிலைத்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்ல அண்ணன் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை, தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

சாப்ளினை இன்னும் திருத்தவில்லை.

டிசம்பர் 10

அண்ணனுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன், பெரிய பெரிய எழுத்தில். முதல் நாள் முதல் வாக்கியம்: ‘பிரசங்கம் என்பது முதலில் கேட்பது.’ அவன் பழைய பாடத்திலிருந்தே எடுத்தது. தாளைப் பார்த்தும் சில சமயம் வரவில்லை. ‘பிரசங்கம்’ வருகிறது. ‘என்பது’ வருகிறது. ‘கேட்பது’ என்னோடு கண்ணாமூச்சி ஆடுகிறது – என்னோடு என்றா எழுதினேன்? அவனோடு.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணைத் தனியாக அழைத்துக் கேட்டேன். ஜனவரிக்குள் ஐந்து நாள் வகுப்பு நடத்துமளவுக்கு வருமா? அவர் தன் பையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “நான் ஜெபிக்கிறேன் மேடம்” என்றார். இவருமா!

டிசம்பர் 23

விடுமுறை. வளாகம் காலி. ஜன்னல் கண்ணாடியில் உறைபனி. நிற்கச் சொன்னால் நிற்கிற ஒன்றும் இல்லை இந்த உலகத்தில், ஜனவரி உட்பட.

ஜனவரி 5, திங்கள்

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

அறை நிறைந்திருந்தது. பதிவு செய்யாதவர்களும் சுவரோரம் நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில். அண்ணன் சாம்பல் நிறக் கோட்டு போட்டு வந்தான், தலை வாரி, மிடுக்காக. “வணக்கம்” என்றான். அவ்வளவு சுத்தமாக வந்தது அந்த வார்த்தை. பிள்ளைகள் மலர்ந்தார்கள். மைக் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“பிரசங்கம்... என்பது...”

அப்புறம் இல்லை. தாளைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். வாய் அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பிடித்துவிட்டு நழுவவிட்டது, மறுபடி பிடித்தது. நான் பாதி எழுந்துவிட்டேன், எடுத்துக் கொடுக்க. அதற்குள் முதல் பெஞ்சில் ஒரு பையன் தலையைக் குனிந்து கண்ணை மூடினான். பக்கத்துப் பெண் மூடினாள். பிறகு அந்த வரிசை, அடுத்த வரிசை. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, அறையில் அத்தனை தலையும் குனிந்துவிட்டது. ஜெபிக்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள், எதற்கும் நாம் சொல்லிக் கொடுத்தது அதைத்தானே? பிரசங்கிக்க வந்த மனிதன் நிற்கிறான், அவனைப் பார்க்க ஒருவரும் இல்லை. அத்தனை உச்சந்தலைக்கும் மேலாக அவன் என்னைப் பார்த்தான். என்னை மட்டும். அந்தப் பார்வையை நான் சாகும்வரைக்கும் மறக்கப்போவதில்லை.

“கண்ண...” என்றான். “கண்ண... தொறங்க.”

திறந்தார்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முதல் பையனைக் கையால் கூப்பிட்டு, நீ பேசு என்று சைகை காட்டினான்.

ஜனவரி 6

அப்படியே ஓட்டுகிறான். மாணவர்கள் பேசுகிறார்கள், அண்ணன் கேட்கிறான், சரியில்லாத இடத்தில் இடது கை உயர்கிறது. பாடம் என்று பார்த்தால் மோசமில்லை. ஆனால் பிள்ளைகள்! நாற்காலிக்கு மெத்தை போடுகிறார்கள், தண்ணீர் நீட்டுகிறார்கள். அவன் ‘ம்’ என்றால்கூட, குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததுபோல ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். இன்று ஒருவன் கேட்கச் சகிக்காத பிரசங்கம் செய்தான். அண்ணன் அந்தப் பழைய பெருமூச்சை விட்டான். முன்பெல்லாம் அதற்கு ஆள் வெலவெலத்துப் போவான். இன்று மூன்று பேர் ஓடிவந்து, “மூச்சு வாங்குதா ஐயா?” என்றார்கள்.

இவ்வளவு நல்ல பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாராவது ஒருத்தர் கொட்டாவி விட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜனவரி 8

முதல்வர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்து, “சமாளிக்கிறாரே! ஆட்சிக்குழுவுக்கு எழுதிடறேன்” என்றார். நல்லதுதான். இதைத்தான் கேட்டேன்.

நாளை காலை ஜெபத்தில் அண்ணன் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறானாம். சாப்ளின் துள்ளுகிறார். அண்ணனைக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறான்.

ஜனவரி 9, வெள்ளி

சேப்பல் நிரம்பி வழிந்தது. அண்ணன் மெதுவாகப் பீடத்தில் ஏறினான். கையில் தாள் இல்லை. நான் முன் வரிசையில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்தில் நிற்பானோ, என்ன சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று தயாராக.

“எனக்குப் பேச்சு திரும்ப வரலை. இனிமே வராது. நான் பாடம் நடத்தப் போறதில்லை. ஜெபிச்சதுக்கு நன்றி. இனி வேற யாருக்காவது ஜெபிங்க.”

எங்கும் நிற்கவில்லை. எங்கும் தடுக்கவில்லை. பழைய குரல், பழைய நிதானம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அப்புறம் அந்தக் காத்திருப்பு. இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சாப்ளின் ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பின்னாலிருந்து யாரோ, அவ்வளவு தெளிவாகப் பேசிவிட்டாரே என்ற பரவசத்தில், “அல்லேலூயா” என்றார்கள். அண்ணன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பதறித் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 10

அண்ணி சொன்னார்கள். பீடத்தில் சொன்ன முதல் மூன்று வாக்கியங்களை அவன் அக்டோபரிலிருந்து பழகியிருக்கிறான், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. சேப்பலுக்காக இல்லை. எனக்காக. முதலில் என்னிடம் சொல்லத்தான். ஜெபத்தைப் பற்றிய கடைசி இரண்டு மட்டும் பிறகு சேர்த்தது.

“ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பாரு. நீ முடிச்சிடுவ.”

அக்டோபரிலிருந்து. நான் பாடத்துக்கு அறை தேடிக்கொண்டிருந்த நாளிலிருந்து.

ஏன் அண்ணி நீங்களாவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன். “சொன்னேனே” என்றார்கள். சொன்னார்கள்தான்.

ஜனவரி 23, வெள்ளி

குளிர்காலப் பாடங்கள் இன்றோடு முடிந்தன. பிரசங்கப் பேராசிரியர் பணியிடம் காலி என்று அறிவிப்பு எழுதச் சொன்னார் முதல்வர். எழுதிக் கொடுத்தேன். மார்ச் கடைசியில் அண்ணனும் அண்ணியும் வளாகத்து வீட்டைக் காலி செய்கிறார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்ததெல்லாம் போதும் என்றுகூடத் தோன்றுகிறது.

சாயங்காலம் அங்கே போயிருந்தேன். அண்ணி கடைக்குப் போயிருந்தார்கள். நானும் அண்ணனும் எதிரெதிரே. ஜன்னல் திறந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “பாப்பா...” என்றான்.

ஜன்னலைச் சாத்தச் சொல்கிறான். தெரிந்துவிட்டது. எழுந்துவிடப் பார்த்தேன். உட்கார்ந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். “பாப்பா... உன...” என்றான். நின்றான். காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது, எனக்கு விரல் மரத்துப் போனது. அவன் கண் என்னை விட்டு அகலவில்லை. நானும் கண்ணை மூடவில்லை.

“உனக்கு... குளு... குளுருதா?”

“குளுருதுண்ணா” என்றேன்.